சுண்ணாம்பில் வரைந்த கோர்ட்

இரும்புச் சட்டி நிறையச் சுண்ணாம்புப் பொடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மேஸ்திரி கட்டிவிட்டிருந்த கயிற்றை ஒட்டியே தூவிக்கொண்டு போனேன். கோர்ட் கட்டடத்துக்குக் கிழக்கே நெருஞ்சி மண்டிக் கிடந்த காலி இடத்தை முதல் நாளே செதுக்கிச் சமன் செய்து வைத்திருந்தோம். மாசி மாதத்துப் பனியின் ஈரம் இன்னும் மண்ணில் இருந்தது. வெள்ளைக் கோடு அதன்மேல் பளிச்சென்று விழுந்தது.

முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய கட்சிக்காரர்கள் தூக்குப் போணியும் கையுமாகச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். வழக்குக்கு வந்தவர்களுக்கு வேறு பொழுதுபோக்கு ஏது? ஒரு பெரியவர் கோட்டை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்தார். எனக்குச் சுண்ணாம்பு மூக்கில் ஏறித் தும்மல் தும்மலாக வந்தது.

“என்னம்மா வல்லி, ஆத்து வாசல்ல கோலம் போட்டது போறாதுன்னு கோர்ட் வாசலுக்கும் வந்துட்டியா?”

கேட்டவர் வக்கீல் ராஜகோபால். எங்கள் ஊர் வக்கீல்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். என் அப்பாவும் அவரும் பள்ளிக்கூடத் தோழர்கள். வீட்டில் எனக்கு அவர் மாமா. கோர்ட் காம்பவுண்டுக்குள் சார். அந்த வித்தியாசத்தை நான் ஒரு நாளும் மறந்ததில்லை. அவர்தான் மறந்துவிடுவார்.

“கோலம்தான் சார். ஆனா இதை நீங்க மிதிக்கலாம். மிதிச்சுப் பார்க்கத்தான் போட்டிருக்கேன்” என்றேன்.

அவர் கறுப்புக் கோட்டைத் தோளில் மடித்துப் போட்டபடி, சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார். அன்று சாயங்காலத்துக்குள் அவருடைய சம்மதம் எனக்கு வேண்டும். வராவிட்டால் என் பிளான் குப்பைக்குத்தான் போகும்.

ஏணியும் புடவையும்

‘அந்தக் காலத்தில் ஒரு பெண், அதுவும் கட்டட இன்ஜினீயராக இருந்து என்ன பெரிதாகச் செய்திருக்க முடியும்?’ என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். நானும் மரியாதையாகவே பதில் சொல்கிறேன். இந்த வாரப் பகுதி முழுவதும் அதுதான் பதில்.

எழுபதுகளின் நடுவில் பொதுப்பணித் துறையில் என்னை என் சொந்த ஊர்ப் பக்கமே மாற்றினார்கள். பள்ளிக்கூடக் கூரை, ஆஸ்பத்திரிக் காம்பவுண்டு, தாலுகா ஆபீஸ் கக்கூஸ் என்று சில்லறை வேலைகளாகவே வந்துகொண்டிருந்தன. ஒரு நாள் எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினீயர் என்னைக் கூப்பிட்டு, “முன்சீப் கோர்ட்டில் ஆள் நிற்க இடமில்லையாம். பழைய கட்டடத்தைப் பழுது பார்த்து, பக்கத்தில் கொஞ்சம் விஸ்தரிக்க வேண்டும். உங்கள் ஊர்தானே, போய்ப் பாருங்கள்” என்றார்.

போனேன். முதலில் மேல்தளத்தைப் பார்க்க வேண்டும் என்று ஏணி கேட்டேன். ஏணி வந்தது. வந்தபிறகு அங்கிருந்த ஆண்கள் எல்லோரும் ஏணியை ஒரு தடவையும் என் புடவையை ஒரு தடவையுமாகப் பார்த்தார்கள். “நாங்க ஏறிப் பாத்துச் சொல்றோம்மா” என்றார் மேஸ்திரி.

“நீங்க பார்த்தா நீங்கதான் கையெழுத்துப் போடணும்” என்று சொல்லிவிட்டு, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ஊரில் எந்த ஏணியும் என்னைச் சந்தேகமாகப் பார்த்ததில்லை.

மேலே பார்த்தால், தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பு போட்டுக் கெட்டித்த பழைய காலத்துத் தளம். வெடிப்புகளில் புல் முளைத்திருந்தது. ஓர் ஓரத்தில் குதிகாலால் தட்டினேன், சத்தம் பொக்கென்று வந்தது. அதற்கு நேர் கீழேதான் பழைய வழக்குக் கட்டுகள் அடுக்கிவைத்த அறை என்று பின்னால் தெரிந்தது.

ஆனால் அன்று மேலேயிருந்து நான் பார்த்த முக்கியமான விஷயம் தளம் அல்ல. கீழே இருந்த ஜனங்கள்.

கட்டடத்தின் மேற்குச் சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு நிழல் விழுந்திருந்தது. அந்த நிழலுக்குள் ஆணும் பெண்ணும் குழந்தையுமாக ஒருவர் முதுகோடு ஒருவர் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏற ஏற நிழல் சுருங்கியது. அவர்களும் கால்களை மடக்கிக்கொண்டே போனார்கள். நிழல் தீர்ந்ததும் எல்லோரும் எழுந்து ரோட்டுப் பக்கம் இருந்த டீக்கடைக் கீற்றுக்கொட்டகைக்கு நகர்ந்தார்கள். கோர்ட்டிலிருந்து இன்னும் தூரம்.

அதை நான் தளத்தின் மேல் உட்கார்ந்தே ஒரு தாளில் வரைந்துகொண்டேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, பாதி பிளான் அப்போதே முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

கரம்பு நிலத்துக்கு வந்த யோகம்

கோர்ட்டில் ஏன் அவ்வளவு கூட்டம் என்று கேட்கலாம்.

அந்தக் கட்டடம் கோர்ட்டுக்காகக் கட்டியதே அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் போகிற துரைமார்கள் இறங்கித் தங்க ஒரு பங்களா கட்டினார்களாம். துரைமார் போனபிறகு அதில் கோர்ட் வந்து உட்கார்ந்தது. துரைமார் படுத்துறங்கிய ஹாலில் முன்சீப், சாப்பிட்ட இடத்தில் குமாஸ்தாக்கள், குளித்த அறையில் வக்கீல்கள். நான் பகடிக்காகச் சொல்லவில்லை. வக்கீல்களின் சட்டப் புத்தகங்கள் உண்மையாகவே பழைய குளியலறையில்தான் இருந்தன. மழைக்காலத்தில் அவற்றை விரித்து விரித்துக் காயவைப்பார்கள்.

கோர்ட் ஹாலுக்குள் நிலைமை இன்னும் மோசம். சாட்சிக் கூண்டுக்கும் மேடைக்கும் நடுவே ஓர் ஆள் போக வழியில்லை. முன்சீப் தம் நாற்காலிக்குப் போக வேண்டுமானால், கூண்டில் நிற்கிற சாட்சி இறங்கி வழிவிட வேண்டும். டைப்ரைட்டர் ஜன்னல் விளிம்பில் இருந்தது. எதிரெதிர் வக்கீல்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு வாதாடுவார்கள்.

ஊரில் நாலு வரப்புத் தகராறு, ஒரு கடன் பத்திரம் என்று இருந்த வரைக்கும் இது போதுமாயிருந்தது. அப்புறம் ஹைவேயை அகலப்படுத்தினார்கள். மெட்ராசிலிருந்து கார்களில் ஆட்கள் வந்து இறங்கி, பென்னலூரிலும் மண்ணூரிலும் கரம்பாகக் கிடந்த நிலத்தைக் கைகாட்டி, “இது யாருடையது?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். தொழிற்சாலை வருமாம். அவ்வளவு நாள் ஆடு மேய்ந்த நிலத்துக்கு அன்று சாயங்காலமே நாலு வாரிசு முளைத்தார்கள். அண்ணன் தம்பிமேல், தம்பி அக்காமேல், எல்லோரும் கோர்ட்டுக்கு வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் பச்சையம்மா.

மூன்று தடவை கூப்பிட்டார்கள்

அவள் மண்ணூர்க்காரி. புருஷன் இறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஏரிக்குக் கீழே இருந்த நிலம் புருஷனுக்கும் அவர் அண்ணன் முனுசாமிக்கும் பொது. மெட்ராஸ் ஆட்கள் விலை பேசியதும், முழு நிலத்தையும் விற்றுவிடலாம் என்றார் முனுசாமி. தன் பாகத்தைப் பிரித்துக் கொடுத்தால் போதும், தான் பயிர் வைத்துக்கொள்கிறேன் என்றாள் பச்சையம்மா. பேச்சு முற்றி வழக்காகிவிட்டது. முனுசாமிக்கு வக்கீல், ராஜகோபால்.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்று நான் கோர்ட் வராந்தாவை டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தேன். டவாலி கோதண்டம் வாசலுக்கு வந்து நின்றார். குறுக்கே சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு வழக்குக்காரர்கள் பெயரைக் கூவுகிற சேவகர் அவர். நல்ல கனத்த குரல்.

“வாதி பச்சையம்மா! பச்சையம்மா! பச்சையம்மா!”

அந்த நேரம் பார்த்து ரோட்டில் வரிசையாக லாரிகள். யாரும் வரவில்லை. கோதண்டம் உள்ளே போனார். நான் அடுத்த தூணுக்கு நகர்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, டீக்கடைக் கொட்டகையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து கோதண்டத்திடம் கேட்டாள்.

“இன்னாய்யா, நம்ம கேஸ இன்னும் கூப்புடலியா?”

“மூணு தபா கூப்ட்டேனே! நீ எங்க போயிருந்தே?”

“இங்கதான்யா குந்திகினு இருந்தேன். காதுல வியவே இல்லியே!”

“தள்ளுபடி ஆயிடுச்சும்மா. உன் வக்கீல் வரலியா?”

“அவுரு காஞ்சிவரம் கோர்ட்டுக்குப் போயிருக்காரு. பேரு கூப்ட்டா நீயே போயி வாய்தா கேளுன்னு சொன்னாரே.”

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. வராந்தாப் படியில் உட்கார்ந்து, முந்தானையில் முடிந்துவைத்திருந்த பஸ் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “எதுக்கும்மா அளக்கிற?” என்று கேட்டாள்.

“கோர்ட்டைப் பெரிசு பண்ணப் போறோம்.”

“பெரிசு பண்ணா காது கேக்குமா?” என்றாள்.

ராஜகோபால் கோட்டுப் பித்தானைக் கழற்றிக்கொண்டே எங்களைக் கடந்து போனார். பின்னாலேயே முனுசாமி. இருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. முனுசாமியின் முகத்தில் ஜெயித்த களை இல்லை, தப்பித்த களைதான் இருந்தது.

ஒரே ஒரு ஹால்

என் பிளான் அன்றைக்கே மாறிவிட்டது. கிழக்கே நீளவாக்கில் இருந்த காலி இடத்தில், கோர்ட் ஹாலின் பக்கவாசலை ஒட்டியபடியே கட்சிக்காரர்கள் காத்திருக்க ஒரு பெரிய ஹால். கோதண்டம் பக்கவாசலில் நின்று கூப்பிட்டால் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்க வேண்டும். பெண்களுக்குத் தனிக் கக்கூஸ். பழைய கட்டடத்துக்குப் புதுத் தளம். இதுதான் நான் போட்டது.

வக்கீல்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. குளியலறையில் உட்கார்ந்து எத்தனை நாள் சட்டம் படிப்பது? பக்கவாசலை ஒட்டிய இடம் எங்களுக்குத்தான் வேண்டும், அங்கே அமைதியாக ஒரு லைப்ரரி வேண்டும் என்றார் ராஜகோபால்.

“கட்சிக்காராளுக்கு ஹால் வேண்டாம்னா சொல்றேன்? ரோட்டுப் பக்கம் முன்னாடி கட்டு. பஸ்ஸை விட்டு இறங்கினா நேரா வந்து உக்காரட்டும். சௌகரியம்தானே?”

“பேர் கூப்பிட்டா கேட்காது சார்.”

“கோதண்டம் தொண்டையைப் பத்தி உனக்குத் தெரியாது.”

காகிதத்தில் எவ்வளவோ காட்டிப் பார்த்தேன். பிளானைப் பார்க்கிற பழக்கம் இல்லாதவர்களுக்கு எல்லாக் கட்டமும் ஒன்றுதான். ராஜகோபால் நான் நீட்டிய படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, “நன்னாருக்கு, நன்னாருக்கு” என்றார்.

எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினீயரோ ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார். “வக்கீல்கள் சம்மதித்தால் கையெழுத்துப் போடுகிறேன். மார்ச் முடிந்தால் ஒதுக்கிய தொகை திரும்பிப் போய்விடும். அப்புறம் எப்போது வரும் என்று என்னைக் கேட்காதீர்கள்.”

சரி, காகிதம் புரியாவிட்டால் தரையில் போட்டுக் காட்டுவோம் என்று முடிவு செய்தேன். என் பிளானை அல்ல. ராஜகோபால் கேட்ட பிளானை.

மறுபடியும் சுண்ணாம்பு

ஆக, அன்று காலையில் தரையில் இருந்தது அவருடைய கோர்ட். பக்கவாசலை ஒட்டி வக்கீல்கள் அறை. முன்னால் ரோட்டோரமாகக் கட்சிக்காரர்கள் ஹால். அவர் தம் அறைக் கோட்டுக்குள் போய் நின்று, கைகளை விரித்து அகலம் பார்த்தார். மனசு நிறைந்துவிட்டது.

“பேஷா இருக்கு. அப்போ முடிஞ்சுதா?”

“இன்னும் ஒண்ணே ஒண்ணு சார். நீங்க கொஞ்சம் முன்னாடி ஹால்ல வந்து நில்லுங்க. கோதண்டம் பக்கவாசல்லேருந்து ஒரு பேர் கூப்பிடுவார். என்ன பேர்னு நீங்க சொல்லணும்.”

“பரீட்சையா? சரி, வை” என்றார்.

முன்சீப் தம் அறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மிகவும் ஜாக்கிரதையான மனுஷர். வழக்கு சம்பந்தப்பட்ட ஆட்கள் அங்கே நிற்கிறார்கள் என்று கண்டதும் ஜன்னலை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

ராஜகோபால் ரோட்டோரக் கட்டத்துக்குள் வந்து நின்றார். அங்கே ஏற்கெனவே கட்சிக்காரர்கள் நின்றிருந்தார்கள். பச்சையம்மாவும் இருந்தாள். தள்ளுபடியான வழக்கை மறுபடி எடுத்துக்கொள்ளச் சொல்லி அவள் போட்ட மனு அன்றைக்குத்தான் விசாரணைக்கு வந்தது. அதற்குத் தகராறு செய்ய வேண்டியவரே ராஜகோபால்தான். அவளைப் பார்த்ததும் ஓரடி தள்ளி நின்றுகொண்டார். கோட்டுக்கு வெளியே முனுசாமி நின்றிருந்தார்.

சுங்குவார்சத்திரம் பக்கமிருந்து லாரிகள் வந்தன. ஏர் ஹாரன் அலறியது. காஞ்சிபுரம் பஸ் ஒன்று நின்று, கண்டக்டர் கதவைத் தட்டி, கிளம்பிப் போனது. டீசல் புகை எல்லோர் முகத்திலும் அடித்தது. ராஜகோபால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நின்றார். இன்னும் கொஞ்சம் நின்றார்.

“என்னம்மா, எப்போ கூப்பிடப் போறான்?”

“கூப்பிட்டு முடிச்சாச்சு சார்” என்றேன்.

கோதண்டம் பக்கவாசலிலிருந்து நடந்து வந்தார். நெற்றியில் வேர்வை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“கூப்ட்டியா? யார் பேரை?”

“உங்க பேரைத்தான் சார். மூணு தபா.”

சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். யார் பெயரைக் கூப்பிட வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அது கோதண்டத்தின் சொந்த யோசனை.

ராஜகோபால் சிரிக்கவில்லை. பச்சையம்மாவும் சிரிக்கவில்லை. அவர் பக்கம் திரும்பி, சண்டைக்கு வருகிற குரலில் அல்ல, வழி சொல்கிற மாதிரி சொன்னாள்:

“அன்னிக்கும் இப்பிடித்தான்யா.”

சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் அவளை அப்போதுதான் நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். வக்கீல்களுக்கு எதிர்க்கட்சி என்பது கேஸ் கட்டின் மேல் எழுதிய ஒரு பெயர்தானே.

“ஒரு தடவை போறாது” என்றார் ராஜகோபால். “இன்னொரு தரம் கூப்பிடச் சொல்லு.”

இன்னொரு தரம் கூப்பிட்டார்கள். அப்போது லாரி குறைவு. குரல் வந்தது, பெயர் வரவில்லை. பிறகு நான் சொல்லாமலே, அவரே பக்கவாசலை ஒட்டிய கட்டத்துக்குப் போனார். “நீங்கள்ளாம் வாங்கோ” என்று ஜனங்களையும் கூட்டிக்கொண்டு போனார். பழைய கட்டடம் ரோட்டுச் சத்தத்தைப் பாதி மறைத்தது. கோதண்டம் கூப்பிட்டார். கடைசியில் நின்ற கிழவருக்கும் கேட்டது. “ராசகோவாலு!” என்று அவர் பதிலுக்குக் கத்தினார்.

“அப்போ எங்களை ரோட்டுக்குத் தள்ளப் போறே” என்றார் ராஜகோபால் என்னிடம்.

“ஆமாம் சார்.”

“அந்த இரைச்சல்ல நாங்க எப்படிம்மா படிக்கிறது?”

இதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. ரோட்டுப் பக்கம் ஜன்னல் வைக்கப் போவதில்லை. அந்தச் சுவரை இரட்டைக் கனத்தில் எழுப்பி, உள்பக்கம் தரையிலிருந்து கூரை வரைக்கும் புத்தக அலமாரி. வெளிச்சமும் காற்றும் தெற்கிலிருந்து வரும். “உங்க சட்டப் புத்தகமெல்லாம் சத்தத்துக்குக் குறுக்கே நிக்கும் சார். குளிக்கிற அறையை விட அதுக்கு அது மரியாதைதானே?”

அவர் வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் செருப்புக் காலால் தம் அறையின் ஒரு மூலையை அழித்துவிட்டு, “மாத்திப் போடு” என்றார்.

லாரி ஜெயித்த கேஸ்

கோர்ட் கூடுவதற்கு முன் அவர் முனுசாமியைத் தனியே அழைத்துப் பேசியதை நான் பார்த்தேன். முனுசாமியின் குரல் உயர்ந்தது.

“இன்னா சாமி இது, தள்ளுபடியானத போயி நாமளே தொறந்து வுடறதா?”

“கேஸை நடத்தறது நானாடா, லாரியா?” என்றார் ராஜகோபால். “பாகம் இல்லைன்னு வாதாடணும்னா வாதாடறேன். அவ காதுல விழுந்தும் வரலைன்னு என்னைச் சொல்லச் சொல்லாதே. இப்பத்தான் என் பேரே என் காதுல விழலை.”

பச்சையம்மாவின் மனு வந்தது. ராஜகோபால் எழுந்து, ஆட்சேபணை இல்லை என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முன்சீப் பேனாவை வைத்துவிட்டு ஒரு கணம் அவரைப் பார்த்தார். மனு அனுமதிக்கப்பட்டது.

சாயங்காலம் மாற்றிய பிளானில் வக்கீல்கள் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் நான் அதை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் பஸ்ஸில் போனேன். எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினீயர் படத்தை விரித்து வெகு நேரம் பார்த்தார். “வக்கீல்களை ரோட்டில் வைத்திருக்கிறீர்களே! எப்படிச் சம்மதித்தார்கள்?” என்று கேட்டார்.

“கேட்டுப் பார்த்தார்கள் சார், சம்மதித்தார்கள்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. கையெழுத்துப் போட்டார்.

வேலை நடந்த காலமெல்லாம் கோர்ட் ஒரு சத்திரத்தில் நடந்தது. கல்யாண மேடையில் முன்சீப், சமையல்கட்டில் வழக்குக் கட்டுகள். ஒரு தடவை முகூர்த்தத்துக்கு இடம் பார்க்க வந்த பெண் வீட்டார், உள்ளே நடந்த ஜீவனாம்சச் சண்டையைக் கேட்டுவிட்டு வேறு சத்திரம் பார்க்கப் போய்விட்டார்கள்.

பழைய தளத்தைப் பிரித்தபோது உத்தரத்தின் முனைகளைக் கரையான் அரித்து மாவாக்கியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினாலே உள்ளே போனது. இன்னொரு மழைக்கு நிற்காது. தலைக்கு மேல் அப்படி ஒன்றை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு நாள் நீதி வழங்கியிருக்கிறார்கள்.

மழைக்குப் பிறகு

புதுக் கட்டடம் திறந்து முதல் ஐப்பசி மழை முடிந்ததும், எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்கப் போனேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. பெண்கள் கக்கூஸில் தண்ணீர் வந்தது. வக்கீல்கள் அறையில் ராஜகோபால், அலமாரிக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். வெளியே லாரி போனது. உள்ளே தேனீ மாதிரிக் கேட்டது.

“வாம்மா வல்லி. நீ கட்டின ஹால் எங்க தொழிலுக்கு உலை வெச்சுடும் போலிருக்கே!” என்றார்.

“ஏன் சார்?”

“போய்ப் பாரு.”

ஹாலில் நல்ல கூட்டம். எல்லோரும் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். சாம்பார் சாதமும் ஈரத் துணியும் கலந்த வாசனை. நடு பெஞ்சில் பச்சையம்மா. அவள் மடியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் முனுசாமியின் மனைவி. அந்தப் பக்கம் முனுசாமி, கையைக் கட்டிக்கொண்டு. குழந்தை முனுசாமியின் பேரன்.

முனுசாமி எழுந்து, டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போனார்.

“என்னம்மா, கேஸ் எப்படி இருக்கு?” என்று பச்சையம்மாவைக் கேட்டேன்.

“ராசியாப் போறோம்மா. இன்னிக்கு எழுதிக் குடுக்கறம். கெணத்துப் பக்கம் பாதி எனக்கு. மீதிய அவுரு வித்துக்கறாரு. கெணத்துத் தண்ணிய நா கேக்கல, அவுரே வுட்டுக் குடுத்துட்டாரு.”

எனக்குச் சந்தோஷம். கூடவே ஆச்சரியம். ராஜகோபால் மாதிரி ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு முனுசாமி இறங்கி வருவார் என்று யாரும் நினைத்திருக்க முடியாது.

“இத்தனை வருஷம் ஒரே ஊர்ல, நாலு வீடு தள்ளித்தானே இருக்கீங்க? இதை அங்கேயே பேசியிருக்கலாமே?”

அவள் குழந்தையை மடியிலிருந்து தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“எங்கம்மா பேசறது? ஊருல அவுரு வூட்டு வாசப்படிய நா மிதிக்க மாட்டேன். எங்கூட்டுக்கு அவுரு வர மாட்டாரு. இங்கன்னா ரெண்டு பேரும் வந்துதானே ஆவணும்? மின்னியாச்சும் அவுரு ஒரு செவுத்து நெயல்ல, நா ஒரு நெயல்ல. இப்ப வந்தா குந்த எடம் கீது. பக்கத்துல குந்திகினு எத்தினி வாய்தாம்மா மூஞ்சத் திருப்பிகினே இருக்கிறது?”

எஸ்டிமேட்டில் அந்த ஹாலின் பெயருக்கு நேரே, ‘கட்சிக்காரர்கள் காத்திருக்க’ என்று மட்டும்தான் நான் எழுதியிருந்தேன்.